அப்பா எப்ப வருவாரு? – 'தி வோட்டர் ஹோர்ஸ்' பார்த்த கதை

2007ஆம் ஆண்டு வெளிவந்த படம் 'தி வோட்டர் ஹோர்ஸ்'. இயக்குநர் ஜே ரஸல். தனியாக இருக்கிற ஒரு பையனுக்கு விசித்திரமான முட்டை ஒன்று கிடைக்கிறது. அதிலிருந்து வந்த குட்டி வளர்ந்து வளர்ந்து ஏரி அளவு பிராணியாகிறது. சின்னப் பிள்ளைகளுக்கான படம்தான், சந்தேகமில்லை. ஆனா பெரகல பக்கத்துப் பிள்ளைகளோட உட்கார்ந்து பார்த்தப்போ எங்களுக்கு அந்தப் பிராணியை விட அந்தப் பையனோட அப்பாதான் பெரிய விசயமாகத் தெரிந்தார். அதைப் பற்றித்தான் எழுதப் போறோம். முடிவையும் சொல்லுவோம், அதனால படம் பார்க்க நினைக்கிறவங்க பார்த்துட்டு வாங்க.

கதை 1942இல், இரண்டாம் உலக யுத்தத்துக்கு நடுவில், ஸ்கொட்லாந்தின் நெஸ் ஏரிக்கரையில் நடக்கிறது. பையனின் பெயர் அங்கஸ். அப்பா கடற்படையில் இருந்தவர். அவர் போன கப்பல் மூழ்கிவிட்டது. அங்கஸால அதை ஏற்க முடியல்ல. அப்பா வருவாரு என்றே இருக்கிறான். தண்ணீர் என்றாலே பயம். ஒருநாள் கரையில் கிடைத்த முட்டையை அப்பாவின் பட்டறைக்குள் கொண்டுபோய் வைக்கிறான். குட்டி பொரிக்கிறது. ரொபின்சன் குரூசோ ஞாபகமாக அதுக்கு குரூசோ என்று பெயர் வைக்கிறான்.

இங்க ஒரு விசயத்தை மலையகத்துக்காரங்க சட்டென்று பிடிச்சிடுவோம். அங்கஸ் இருக்கிறது ஒரு பெரிய மாளிகையில். ஆனா அது அவன் வீடு இல்ல. அவனோட அம்மா அந்த மாளிகையின் வேலைகளைப் பார்க்கிறவர். எங்க பாஷையில சொன்னா, பங்களா வேலை செய்யிற அம்மாவோட பிள்ளை. யுத்தத்துக்காக இராணுவம் வந்து மாளிகையில் தங்கும்போது, யாரும் அந்தப் பிள்ளையிடம் எதுவும் கேட்கிறதில்ல. பெரியவங்களோட உலகம் அவன் தலைக்கு மேலால ஓடிட்டிருக்கு. அவனுக்கென்று இருக்கிறது அந்தப் பட்டறையும் ஒரு குட்டியும்தான்.

ஸ்கொட்லாந்து எங்களுக்கு அவ்வளவு தூரமும் இல்ல. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த நாட்டுக்காரர். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கின தோமஸ் லிப்டன் பிறந்தது கிளாஸ்கோவில். அவங்க ஊர்ப் பெயர்கள் இன்னும் எங்க தோட்டங்களுக்கு இருக்கு. படத்துல மலையில் மூட்டம் இறங்கும்போது, "அண்ணே, இது நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்று ஒரு பையன் கத்தினான். (நெஸ் ஏரி என்று காட்டுற இடங்கள் பெரும்பாலும் நியூசிலாந்தின் வகட்டிபு ஏரி என்று சொன்னோம். அவன் நம்பவே இல்ல.)

நாங்க படம் போட்டது ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், ஒரு வெள்ளை பெட்ஷீட். படம் ஆங்கிலம் என்பதால் எங்கள்ல ஒருத்தர் பக்கத்துல நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குரூசோ குளியல் தொட்டிக்குள் நீந்துகிற இடத்தில் மண்டபமே சிரித்தது. பிறகு நிப்பாட்டி, "உங்களுக்கு இப்பிடி ஒரு குட்டி கிடைச்சா எங்க ஒளிச்சு வைப்பீங்க?" என்று கேட்டோம்.

"லயத்துல எங்கண்ணே ஒளிக்கிறது? பக்கத்துக் காம்பராவுல தும்மினா இங்க கேக்கும்."

"பீலியில விடலாம். ஆனா காலையில எல்லாரும் தண்ணி புடிக்க வந்துருவாங்க."

"எங்க மாமாகிட்ட மாட்டுனா கறியாக்கிருவாரு."

அதுக்குப் பிறகு ஆளுக்காள் வளர்த்த கதைகள் வந்தன. மரத்திலிருந்து விழுந்த அணில் குஞ்சு, கால் உடைந்த மைனா, தேயிலை மலையில் கிடைத்த முள்ளம்பன்றிக் குட்டி. முக்கால்வாசி செத்துப் போச்சு, மிச்சம் ஓடிப் போச்சு. சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாங்க.

பத்து வயதிருக்கும் ஒரு பிள்ளை மட்டும் வேறொன்று கேட்டாள். "அக்கா, அந்தப் பையனோட அப்பா கடைசியில வருவாரா?"

அவளோட அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருசம். ஆச்சிதான் பார்த்துக்கொள்கிறார். தீபாவளிக்கு வருவாங்க என்று சொல்லி ஒரு தீபாவளி போச்சு. அடுத்தது தைப்பொங்கலுக்கு என்றார்கள். அவளுக்கு நாங்க என்ன சொல்லணும்? கதை சொல்லிக்கொண்டிருந்த எங்க தோழி ஒரு நிமிசம் பேசாமல் நின்றார். பிறகு, "இல்லம்மா, அவரு வர மாட்டாரு. ஆனா படம் அதோட முடியாது, பாப்போம்" என்றார்.

எங்க பக்கத்தில் இந்தக் கேள்வி படத்தோடு மட்டும் நிற்கிறதில்ல. பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் கொஸ்லந்தை. அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால தப்பின பிள்ளைகள் பலர். திரும்பி வந்தப்போ வீடு இருந்த இடத்தில் மண். பலருடைய உடல் கிடைக்கவே இல்ல. உடலைப் பார்க்காத பிள்ளைக்கு அம்மா இறந்துட்டாங்க என்று எப்படிச் சொல்லுறது? கடலில் மூழ்கின கப்பலும் மண்ணுக்குள் போன லயமும் பிள்ளைக்கு ஒரே கேள்வியைத்தான் விட்டுட்டுப் போகுது. வருவாங்களா?

படம் இதுக்கு எப்படிப் பதில் சொல்லுது என்று பாருங்க. மாளிகைக்கு வேலைக்கு வரும் மோப்ரே என்கிறவர் அங்கஸுக்கு நீர்க்குதிரையின் கதையைச் சொல்லுகிறார். உலகத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நீர்க்குதிரைதான் இருக்கும். அது ஒரே ஒரு முட்டையிடும், குஞ்சு பொரிக்கும் முன்னமே செத்துப்போகும். அதாவது ஒவ்வொரு நீர்க்குதிரையும் பிறக்கும்போதே தாய் தகப்பன் இல்லாதது. அங்கஸ் வளர்க்கிறது அவனைப் போலவே ஒன்றை. அதுக்குச் சாப்பாடு போட்டு, அதை ஒளிச்சு, அதுக்காகப் பயந்து, கடைசியில் அதோட முதுகில் ஏறித் தண்ணீருக்குள்ளேயே போகிறான். அப்பாவைக் கொண்டுபோன அதே தண்ணீர்.

குட்டி பெரிசாகி ஏரிக்குப் போன பிறகு இராணுவத்தின் பீரங்கிகள் ஏரியை நோக்கி வெடிக்கின்றன. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலைத் தடுக்கப் போட்ட வலை ஏரியின் வாயில் நிற்கிறது. அந்த வலையைத் தாண்டி குரூசோ கடலுக்குப் போகணும் என்றால் அங்கஸ் அதை விட்டுவிடணும். விடுகிறான். அந்த இடத்தில்தான் அப்பா வர மாட்டார் என்பதும் அவனுக்குள் இறங்குகிறது என்று நாங்க நினைக்கிறோம். பக்கத்தில் உட்கார வைத்து உபதேசம் பண்ணினதால இல்ல. நேசித்த ஒன்றைத் தன் கையாலேயே வழியனுப்பிப் பார்த்ததால.

எங்களுக்குக் குறை இல்லாமலும் இல்ல. இராணுவத் தளபதியின் பாத்திரம் மேலோட்டமானது. நாய் துரத்துகிற பகிடி கொஞ்சம் நீளம். மூலக் கதை டிக் கிங்-ஸ்மித் 1990இல் எழுதின சிறுவர் நாவல். அதில் முட்டையைக் கண்டெடுக்கிறது கேர்ஸ்டி என்ற பெண் பிள்ளை. படத்தில் அவளை அக்காவாக்கிப் பின்னுக்குத் தள்ளிட்டாங்க. மண்டபத்தில் இருந்தவங்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் என்பதால இது எங்களுக்கு உறுத்தியது.

படம் முடிந்ததும் குவைத்து அம்மாவின் மகள் அழவில்லை. "குரூசோ திரும்பி வந்துச்சா?" என்று கேட்டாள். வரல்ல, ஆனா கடைசியில் வேறொரு பையனுக்குப் புது முட்டை கிடைச்சுதே என்றோம். "அது வேற குட்டி தானே" என்றாள். சரிதான். அது வேற குட்டி. அவளை நாங்க திருத்தப் போகல்ல.

உங்க வீட்டிலயும் தம்பி தங்கச்சி இருந்தா, அக்கா அண்ணனோட பிள்ளைகள் இருந்தா, இந்தப் படத்தைச் சேர்ந்து பாருங்க. நடுவில நிப்பாட்டிப் பேச விடுங்க. "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டால், தெரிந்த திகதி இருந்தா அதைச் சொல்லுங்க. தெரியாட்டி "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிட்டு, உண்மையிலேயே ஒரு கோல் எடுத்துக் கேளுங்க. வரவே மாட்டாங்க என்றால் அதையும் பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க. அடுத்த தீபாவளி, அடுத்த பொங்கல் என்று பிள்ளையை ஏமாத்தாதீங்க. அவங்களும் நாள் எண்ணத் தெரிஞ்சவங்கதான்.