குட்டை கியர்

கியர் ராடை மாற்றியதை அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த காரை என்னைவிட அதிகம் ஓட்டுபவர் அவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

நான் வாரத்தில் இரண்டு நாள் ஓஎம்ஆர் ஆபீசுக்கு எடுப்பேன், அவ்வளவுதான். மற்ற நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா அம்மாவை காசிமேட்டுக்கு கூட்டிப் போவார். டிக்கியில் தார்ப்பாய், அதன்மேல் ஐஸ் பெட்டி. நொச்சிக்குப்பத்தில் அம்மா மீன் விற்கிறார். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. வலை இழுத்தே இடது தோள் போய்விட்டது. நம்மூர் காரில் கியர் போடுவது இடது கைதான்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒருநாள் ரேஸ் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஷார்ட் த்ரோ ஷிஃப்டர் ஆசை. கியர் ராடு ஒரு நெம்புகோல். நடுவில் ஒரு மூட்டு. மேல்முனை நம் கையில், கீழ்முனையில் கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள். மூட்டுக்கு மேலே 20 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேபிள் 2 செ.மீ. நகர, கை 8 செ.மீ. போக வேண்டும். கீழ்ப்பகுதியை 7 செ.மீ. ஆக்கினால் கை 5.7 செ.மீ. போனால் போதும். ஷார்ட் த்ரோ என்பது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிளாட் வாசலில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குமிழைத் திருகி எடுத்து, கன்சோலைக் கழற்றி, இரண்டு கேபிள்களையும் பிடுங்கி, புது ராடை மாட்ட மூன்று மணி நேரம். லைட் ஹவுஸ் வரை ஒரு ரவுண்டு. டக், டக் என்று விழுந்தது. அன்று முழுக்க சிரித்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து அம்மாதான் சொன்னார். "ஒங்கப்பா இனிமே வண்டி ஓட்ட மாட்டாராம். கை போச்சுன்றாரு. ரெண்டு நாளா ஆட்டோலதான் போறோம்."

கணக்கின் மறுபாதி அப்போதுதான் உறைத்தது. தூரம் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் பலம் கூட வேண்டும். 5 கிலோ அழுத்தம் கேட்ட ராடு இப்போது 7 கிலோ கேட்கும். இஞ்சினியரிங்கில் சேரும் முன்பே படித்த பாடம்தான். இத்தனைக்கும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்ய எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. அவசரப்பட்டு அழுத்தினால் வளையம்தான் தேயும். எனக்குக் கிடைத்தது 'டக்' மட்டும். அதற்கான பலத்தைக் கொடுத்தது அப்பாவின் தோள்.

எங்கள் வாசலில் இருக்கும் லூப் ரோடும் இதே கணக்குதான். சாந்தோம் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டாமல் பட்டினப்பாக்கம் போக கார்காரர்களுக்கு அது குறுக்குவழி. அவர்களுக்கு நேரம் மிச்சம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காகி, 2023 ஏப்ரலில் ரோட்டோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியது. குப்பமே ரோட்டில் உட்கார்ந்தது. 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புது மார்க்கெட் திறந்தார்கள். நடுவில் இருந்த மாதங்களின் பாரத்தை எங்கள் வீட்டில் அம்மா சுமந்தார். அன்று கார்காரர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்தத் தடவை கார்காரன் நான்.

அன்று ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். "கை போகலப்பா. நான் ராட மாத்திட்டேன்."

கழற்றி வைத்த பழைய ராடை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இஞ்சினியரிங் படிக்காதவர். ஆனால் சின்ன வயசிலேயே துடுப்பு போட்டவர்.

"துடுப்ப கிட்டக்க புடிச்சா இப்டித்தாண்டா வலிக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "பத்து நாளா கைதான் போச்சுன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார்.

செல்போன் டார்ச்சை அப்பா பிடித்துக்கொள்ள, பழைய ராடை மாட்டி முடித்தபோது மணி இரண்டரை. அதற்குமேல் யாரும் தூங்கவில்லை. அம்மா ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தார்.