உப்பிட்ட சாலையை உள்ளளவும் நினை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மிச்சிகனில் பனி உருகச் சாலைக்கே உப்பிடுகிறார்கள், மறக்க முடியுமா?

படிக்க வந்த முதல் வருடம் ஒரு பழைய கார் வாங்கினேன். குளிர்காலம் முழுக்க மேலே படிந்த வெள்ளைப் பொடியை மட்டும் துடைத்துவிட்டுத் திரிந்தேன். மார்ச்சில் ஒரு நாள் சிக்னலில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. கார் எப்படியோ நின்றது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை!

காரைத் தூக்கிய மெக்கானிக், துருப்பிடித்து ஓட்டையான பிரேக் லைனைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் கதவுத் துரு அழகைத்தான் கெடுக்கும். அடியில் ஒட்டிய உப்புத் தண்ணீர் உயிருக்கே உலை வைக்கும். கழுவாத காரைச் சூடான கராஜில் நிறுத்தினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

பனிக்காலம் நெடுக அடிப்பாகத்தைக் கழுவுங்கள், பிரேக் லைன்களைச் சோதியுங்கள் என்று 2015-லேயே அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்லியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இப்போதெல்லாம் பனிக்கு முன்பே அடியில் எண்ணெய்ப் பூச்சு. உறைநிலைக்கு மேல் வெயில் வந்தால், அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் கார் வாஷ். வசந்தத்தில் மறுபடி ஒரு முழுக் குளியல்.

அம்மா போனில் கேட்டாள்: "குளிர்ல தினமும் குளிக்கிறியாடா?"

"கார் குளிக்குதும்மா!"