ஒரு கடிதமும் ஓர் உருபும்

அரபி இலக்கணம் ஓதிக் கொடுக்கும் பணியில் நமக்கு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நஹ்வுப் பாடத்தின் முதல் நாளில் மாணவர்களுக்கு நாம் சொல்லுவது, சொல் மூவகைப்படும் என்பதே. இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு என்பன அவை. தமிழில் பெயர், வினை, இடைச்சொல் எனலாம். இவற்றுள் ஹர்ஃபு தனக்கெனத் தனிப்பொருள் இல்லாதது. பிறிதொரு சொல்லோடு சேர்ந்தே பொருள் காட்டுவது. தொல்காப்பியரும் இடைச்சொல்லைப் பற்றி ஏறத்தாழ இவ்வாறே கருதுகிறார். இரு மொழிகளிலும் இதைப் பன்முறை போதித்த நாம், மூன்றாவது மொழியொன்றில் இதை மறந்தோம். அதனால் ஒரு நெசவாளியின் உழைப்பு வீணாயிற்று. நம்மைப் போன்றோர்க்கு எச்சரிக்கையாக அமையட்டும் என்று கருதியே அதனை இங்கு எழுதுகிறோம்.

நாம் வாழ்வது காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில். 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று அமைந்த பிறகு வெளியூர் மாணவர்கள் நிறைந்த ஊராக இது மாறிவிட்டது. எனினும் நமது அண்டை வீட்டில் அப்போது தறியின் ஓசைதான் பொழுதை அறிவித்துக் கொண்டிருந்தது. அவ்வீட்டுக்காரர் நம்மைவிட மூத்தவர். நாம் அவரை 'அண்ணே' என்போம். அவர் நம்மை 'அஜ்ரத்' என்பார். கோர்வைப் புடவை நெய்வதில் கைதேர்ந்தவர். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, மூன்று நாடாக்கள் ஓட்டி நெய்யப்படுவது அது. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீச, அவருடைய மனைவியார் தறியருகே அமர்ந்திருப்பார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பியபோது, அவர் கையில் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் திண்ணையில் காத்திருந்தார். அவர் அனுப்பிய ஆறு புடவைகளைப் பற்றி வெளிமாநிலக் கடையொன்று எழுதிய கடிதம் அது. அவற்றுள் இரண்டின் கரை, சாயப்பட்டு போதாமல் வேறு தொகுதிப் பட்டில் நெய்யப்பட்டு, ஒரு சாயல் மங்கியிருந்தது. அதுபற்றிக் கடை என்ன சொல்லுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது.

அவ்விரண்டு புடவைகளின் கரைகுறித்துக் கடிதத்தில் இருந்த தொடர், 'வி டேக் எக்ஸெப்ஷன் டு' என்று தொடங்கியது. 'எக்ஸெப்ஷன்' என்ற சொல்லைக் கண்டதும் நமக்கு மகிழ்ச்சி. நஹ்வில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் 'இஸ்தித்னா' அல்லவா அது! பொது விதியிலிருந்து ஒன்றை விலக்கி நிறுத்துதல் என்பது அதன் பொருள். "கவலை வேண்டாம் அண்ணே, அந்த இரண்டுக்கும் விதிவிலக்கு அளித்திருக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவர் நிம்மதியுடன், மீதமிருந்த அதே பட்டில் மேலும் இரண்டு புடவைகள் நெய்தார். கணவன் மனைவி இருவருக்கும் ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு. அவையும் போயின. சில நாட்களில் நான்கு புடவைகளும் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன.

கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த அவருடைய மகள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று, சொல்லவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தயங்கினாள். "மாமா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'டேக் எக்ஸெப்ஷன் டு' என்றால் ஆட்சேபிக்கிறோம் என்று பொருளாம். விலக்கு அளிப்பதற்கு 'மேக் அன் எக்ஸெப்ஷன் ஃபார்' என்று எழுத வேண்டுமாம்" என்றாள். நாம் அகராதியைப் புரட்டினோம். அவள் சொன்னதே சரி.

பெயர்ச்சொல் ஒன்றே. வினை மாறியது, உருபு மாறியது, பொருள் எதிரெதிர்த் திசைகளில் போய்விட்டது. நடுவில் இருந்த சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு இருபுறமும் நின்றவற்றை நாம் பாராமல் விட்டோம்.

அதன் பின்னர் இத்தகைய ஆங்கிலத் தொடர்களைச் சற்று ஊன்றிக் கற்றோம். டேக், மேக், கிவ், பே போன்ற எளிய வினைகள் தம் சொந்தப் பொருளைப் பெரிதும் இழந்து ஒரு பெயரைத் தாங்கி நிற்கின்றன. டென்மார்க்கு நாட்டு இலக்கண அறிஞர் யெஸ்பர்சன், 1942இல் வெளிவந்த தமது நூற்பகுதியில் இவற்றை 'லேசான வினைகள்' என்று குறித்தார். பொருளின் பாரம் பெயரின்மீது இருக்கிறது. அப்பெயரின் பின்னால் வரும் உருபோ நம் விருப்பப்படி அமைவதன்று. 'பே அட்டென்ஷன்' என்றால் பின்னே 'டு'தான் வரவேண்டும். நம் பிள்ளைகள் பலர் அங்கே 'ஆன்' போடுவார்கள். 'பாடத்தின்மீது கவனம் செலுத்து' என்ற தமிழ் அவர்களை அவ்வாறு எழுதச் செய்கிறது.

மூன்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடுவதுண்டு. 'கேட்ச் சைட் ஆஃப்' என்றால் கண்டுகொள்ளுதல். 'லூஸ் சைட் ஆஃப்' என்றால் பார்வையிலிருந்து தவறவிடுதல். 'டேக் பார்ட் இன்' என்றால் பங்கு கொள்ளுதல். 'டேக் தி பார்ட் ஆஃப்' என்றால் ஒருவர் பக்கம் சார்ந்து பேசுதல்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ண வேண்டாம். நம் தமிழில் 'கை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நண்பனைக் கைவிட்டான், நண்பனுக்குக் கைகொடுத்தான், நண்பன் பொருளில் கைவைத்தான். முதலாவதில் ஐ உருபு, இரண்டாவதில் கு உருபு, மூன்றாவதில் இல் உருபு. கை ஒன்றே, ஒருவன் துரோகியாகவும் துணைவனாகவும் திருடனாகவும் மாறிவிடுகிறான்! தாய்மொழி ஆதலால் இவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

அரபியிலோ உருபு ஒன்றே பொருளைத் தலைகீழாக்கிவிடும். 'ரகிப ஃபீ' என்றால் விரும்பினான். 'ரகிப அன்' என்றால் வெறுத்து ஒதுங்கினான். 'தஆ லஹு' என்றால் அவனுக்காக துஆச் செய்தான். 'தஆ அலைஹி' என்றால் அவனுக்கு எதிராக துஆச் செய்தான். திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் 127ஆம் வசனத்தில், அநாதைப் பெண்களை மணப்பது பற்றிய இடத்தில் இந்த ரகிப என்னும் வினையே வருகிறது. உருபு தொக்கு நிற்கிறது. ஆகவே, அவர்களை மணக்க விரும்புவதைக் குறிக்கும் என்றும், மணக்க விரும்பாமல் ஒதுங்குவதைக் குறிக்கும் என்றும் முஃபஸ்ஸிர்கள் இருவகையாகவும் விளக்கம் தந்துள்ளனர். ஈரெழுத்து உருபொன்று வெளிப்படாததற்காக மாமேதைகள் இத்தனை நிதானம் காட்டினார்கள். வெளிப்படையாக எழுதப்பட்டிருந்த உருபையே நாம் பாராமல் தாண்டிச் சென்றோம். இதனை எத்தனை முறை வகுப்பில் விளக்கியிருப்போம்! அன்று திண்ணையில் அது நினைவுக்கு வரவில்லை.

காரணம் என்னவென்று பின்னர் யோசித்தோம். அறியாமை மட்டும் காரணமன்று. தெரிந்த சொல் ஒன்றைக் கண்டதும், முழுத் தொடரும் தெரிந்துவிட்டதாக மனம் துள்ளியதே காரணம். ஊரார் நம்மிடம் கடிதம் கொண்டு வருவது நமது தலைப்பாகையை நம்பி. 'தெரியாது, மகளிடம் கேளுங்கள் அண்ணே' என்று சொல்லியிருந்தால் அத்தலைப்பாகை சரிந்து விழுந்திருக்காது. தெரியாது என்று சொல்வது இல்மில் பாதி என்பர் பெரியோர். நாம் அந்தப் பாதியைத் தவறவிட்டோம்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று, நடந்ததை ஒளிவின்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தறி நின்றிருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் வேண்டுமென்றா சொன்னீர்கள், அஜ்ரத்? கரை தப்பியது என் தறியில்" என்றார். நஷ்டத்துக்கு நாம் தர முன்வந்த தொகையை அவர் ஏற்கவில்லை. அப்படியானால் புடவை ஒன்றையாவது அதன் உரிய விலைக்கே தர வேண்டும் என்று மன்றாடினோம். அதற்கு இசைந்தார். அந்த விலையைக் கட்டி முடிக்க நமக்கு ஏழு மாதங்கள் ஆயின. மற்ற மூன்றையும் விலை குறைத்து உள்ளூரில் விற்றார்.

இன்று கைபேசியே கடிதத்தை மொழிபெயர்த்துத் தருகிறது. ஆயினும் வளைகுடா வேலை ஒப்பந்தமோ வங்கிப் பத்திரமோ வீட்டுக்கு வரும்போது, பிள்ளைகள் அதைச் சொல் சொல்லாகப் பிய்த்துப் படிக்கலாகாது. பெயரைக் கற்கும்போதே அதனைத் தாங்கும் வினையையும் அதன் பின்வரும் உருபையும் ஒருசேர எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பெற்றோர் அவர்களுக்கு ஏற்படுத்த வேண்டும். நமது மாணவர்களின் குறிப்பேட்டில் அரபி வினைகளை இப்போது உருபோடுதான் எழுதச் செய்கிறோம்.

அந்தப் புடவையை நம் மகளின் நிக்காஹுக்குக் கொடுத்தோம். பெருநாள் தினங்களில் அவள் அதை உடுத்தி வரும்போது, கரையின் சாயல் மங்கியிருப்பது வேறு எவர் கண்ணுக்கும் படுவதில்லை. நமது பார்வை மட்டும் நேராக அங்கேதான் செல்கிறது.