ஜாப் ஒர்க்குக்கு ஒரு பெட்டி வேண்டும்

பி.காம். படிக்கிறவனுக்கு யூ.எம்.எல். எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்குப் பதிவியல்காரர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கணினித் துறை மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவதற்கு முன், அந்த நிறுவனம் எப்படி நடக்கிறது என்று படம் வரைவார்கள். வீடு கட்டும் முன் பிளான் போடுகிற மாதிரி. ஆளுக்கு ஒரு விதமாக வரைந்தால் குழப்பம் என்பதால் பொது மொழிகள் வந்தன. யூ.எம்.எல். 1997-ல் ஓ.எம்.ஜி. அமைப்பால் ஏற்கப்பட்டது. வேலைகளின் வரிசையைக் காட்டும் பி.பி.எம்.என். 2004-ல் வந்தது.

சிக்கல் என்னவென்றால், பொது மொழிக்கு நம் தொழிலின் நெளிவு சுளிவு தெரியாது. திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிக்காரர் துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறார். லாரியோடு ஒரு டெலிவரி செலான் போகிறது. இன்னொரு நாள் விற்ற சரக்கு போகிறது, இன்வாய்ஸோடு. சாதாரணப் படத்தில் இரண்டுமே 'சரக்கு அனுப்புதல்' என்ற ஒரே பெட்டி. கணக்கிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! சாயப்பட்டறையில் கிடக்கும் துணி இன்னும் கம்பெனிக்காரருடைய கையிருப்புதான்.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் 1 ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே முறைப்படி விற்பனைக்குப் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் இன்னும் 1 ஆண்டு வரை நீட்டிக்கலாம். இரண்டும் நடக்கவில்லையா? அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கருதப்படும். வரியோடு வட்டியும் சேரும். படத்தில் இல்லாத கெடுவை மென்பொருள் எப்படி ஞாபகப்படுத்தும்?

இங்கேதான் மொழியை விரிவாக்குவது வருகிறது. யூ.எம்.எல்லிலேயே இதற்கு 3 கருவிகள் உண்டு.

1. ஸ்டீரியோடைப்: பெட்டிக்குப் புது வகைப் பெயர். உதாரணமாக «ஜாப் ஒர்க் அனுப்புகை».
2. டேக்டு வேல்யூ: அந்த வகைக்கு மட்டும் உரிய விவரங்கள். செலான் எண், அனுப்பிய தேதி, திரும்ப வேண்டிய தேதி.
3. கன்ஸ்ட்ரெயின்ட்: மீறக்கூடாத நிபந்தனை. நீட்டிப்பு இல்லாவிட்டால் கெடு 1 ஆண்டைத் தாண்டக்கூடாது.

இவற்றைத் தொகுத்தால் அதற்குப் பெயர் ப்ரொஃபைல். ப்ரொஃபைல் மூல மொழியின் விதிகளோடு கூடுதலாகச் சேர்க்கலாம், இறுக்கலாம்; இருக்கிற விதியை ரத்து செய்ய முடியாது. எனவே யூ.எம்.எல். தெரிந்த யாரும் படத்தின் அடிப்படையையாவது படித்துவிடுவார்கள்.

சரி, எதைச் சேர்ப்பது என்று யார் சொல்வது? நம் துறைக்காரர் ஒருவர் எப்போதோ வழி காட்டிவிட்டார். வில்லியம் மெக்கார்த்தி என்ற கணக்கியல் பேராசிரியர் 1982-ல் ஆர்.ஈ.ஏ. என்ற மாதிரியை வெளியிட்டார். வளம், நிகழ்வு, நபர் என்ற மூன்றை வைத்தே வணிகத்தை விவரிக்கலாம் என்றார். ஒன்றைக் கொடுத்தால் பதிலுக்கு ஒன்று வர வேண்டும். இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள்: கம்பெனிக்காரர் பட்டறைக்குக் கொடுப்பது சாயக்கூலி, பெறுவது சாயமிடும் சேவை. துணி கைமாறுகிறதே தவிர உரிமை மாறவில்லை. ஆக, விற்பனைப் பெட்டி இங்கே பொருந்தவே பொருந்தாது.

ஆனால் அளவு முக்கியம். ஒவ்வொரு கம்பெனியும் நூறு புதுக் குறிகளைச் சேர்த்தால், பொது மொழி போய் ஆளுக்கொரு வட்டார வழக்கு வந்துவிடும். என் அளவுகோல் எளிது: அந்த வித்தியாசம் வரியையோ, உரிமையையோ, கெடுவையோ மாற்றுகிறதா? மாற்றினால் குறி போடு. இல்லையென்றால் ஓரமாக ஒரு குறிப்பு போதும்.

இந்தக் கேள்விக்குப் பதில் புரோகிராமருக்குத் தெரிய நியாயமில்லை. பேரேடு எழுதுகிற நமக்குத்தான் தெரியும். அதனால் நண்பர்களே, அடுத்த முறை யாராவது பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்து கொண்டுவந்தால், நமக்கெதற்கு என்று ஒதுங்காதீர்கள். பேனாவை வாங்குங்கள்.