எண்ணிக்கையும் எண்ணமும்

ஓர் அறிஞரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார் என்று எண்ணிச் சொல்வதே இன்றைய வழக்கம். வேலைக்கும் பதவிக்கும் அந்த எண்தான் நுழைவுச்சீட்டு. நம்மில் ஆராய்ச்சி மாணவராய் இருப்போர் பலரின் உறக்கத்தையும் அது கெடுத்திருக்கும். எண்ணிக்கையை நான் பழிக்க வரவில்லை. ஆனால் ஒரு பட்டியலை எண்ணுவது வேறு, படிப்பது வேறு. அதை எனக்கு உணர்த்தியது ஒரு கேள்வி.

என் சிற்றப்பா சிறுநீரகம் பழுதாகி வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்து வருகிறார். ஐதராபாத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையாயிற்றே என்று, விடுமுறையில் ஊர் சென்ற என்னிடம் சித்தி கேட்டார்: “இது பரம்பரையா வருமாப்பா? நம்ம பிள்ளைங்களுக்கும் வந்துடுமா?” விடை தேடி நூலகத்தில் அமர்ந்தேன். சிறுநீரக நோயையும் மரபணுவையும் ஒருசேர ஆராய்ந்த பாஸ்டன் மருத்துவர் மார்ட்டின் பொல்லாக்கின் கட்டுரைப் பட்டியல் கண்ணில் பட்டது.

2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை. சில குடும்பங்களில் சிறுநீரக வடிகட்டிகள் தழும்பேறிக் கெடுவதற்கு ஏ.சி.டி.என்.4 என்னும் மரபணுவின் பிழையே காரணம் என்றது. 2010-இல் ஐ.என்.எஃப்.2 என்னும் இன்னொரு மரபணு பிடிபட்டது. அதே ஆண்டில் வந்த வேறொரு கட்டுரைதான் என்னை நிறுத்திவைத்தது.

கறுப்பின அமெரிக்கரிடையே சிறுநீரக நோய் மிகுதி. அதற்கு எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுவே காரணம் என்று 2008-இல் வேறு இரு குழுவினர் எழுதினர். பொல்லாக்கும் தோழர்களும் 2010-இல் ஆராய்ந்தபோது, உண்மைக் குற்றவாளி பக்கத்து வீட்டில் இருந்தது! அதன் பெயர் ஏ.பி.ஓ.எல்.1. ஆப்பிரிக்கத் தூக்கநோய்க் கிருமியை இரத்தத்தில் கொல்லும் புரதத்தைத் தருவது அது. அதன் மாறிய வடிவம் கிருமியை இன்னும் வன்மையாய்க் கொன்றது. இருமடங்காய்ப் பெற்றவரின் சிறுநீரகத்தையோ கெடுத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இந்த இடத்தில் நம் நாட்டு உழவர் ஒருவர் வருகிறார். கால்நடைகளைத் தாக்கும் கிருமி, மராட்டிய மாநிலச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த அவரைத் தாக்கியது. அவர் உடலில் அந்தப் புரதமே இல்லை என்று 2006-இல் கண்டனர். ஆயினும் அவருடைய சிறுநீரகங்கள் நலமாகவே உள்ளன என்று 2012-இல் இன்னொரு கட்டுரை தெரிவித்தது. புரதம் இல்லாமை தீங்கன்று. மாறிய புரதமே தீங்கு என்பது இதனால் துலங்கிற்று. அப்படியானால் அதை அடக்கலாம் அன்றோ? 2023-இல் வெளியான சிறு சோதனை ஒன்றில், அதை அடக்கும் இனாக்ஸாப்ளின் என்னும் மருந்து 13 வாரத்தில் சிறுநீரில் ஒழுகும் புரதத்தைச் சராசரி 47.6 விழுக்காடு குறைத்தது.

2008-இன் கட்டுரைகள் வீணா? இல்லை. சரியான தெருவைக் காட்டின. வீட்டு எண்தான் தவறியது. வெறும் எண்ணிக்கையில் இந்தத் தொடர்ச்சி தெரிவதில்லை.

ஆப்பிரிக்கர் கதை நமக்கு எதற்கு என்பீர்களோ? அந்த மாறிய வடிவங்கள் நம்மவரிடம் மிக அரிது என்பது மெய்தான். ஆனால் நமக்கென்று தேட வேண்டியவை உண்டு. இதே ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்துக் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 மக்கட் குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று கண்டனர். அத்தகைய குழுக்களில் அரிய மரபு நோய்கள் தலைகாட்டும். அண்டை ஆந்திரத்தின் உத்தானம் பகுதியில் உழவர்களை வாட்டும் சிறுநீரக நோய்க்கோ இன்னும் முடிவான காரணம் அறியப்படவில்லை.

சித்திக்கு விடை சொன்னேன். சிற்றப்பாவுக்கு இருபது ஆண்டாக நீரிழிவு. மருத்துவரும் அதையே காரணமாய்க் கூறியிருந்தார். “ஒற்றை மரபணு குற்றம்னு பயப்பட வேண்டாம் சித்தி. ஆனா பிள்ளைங்களுக்கு வருஷம் ஒருதரம் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம் பார்த்துடுங்க” என்றேன். இந்த எளிய விடையை நான் அச்சமின்றிச் சொல்ல, எத்தனையோ பேர் ஒருவரை ஒருவர் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

நண்பர்களே, நாளை நம் பெயருக்குக் கீழும் ஒரு பட்டியல் வளரும். அது நீளட்டும். பின்னால் வருபவர் திருத்தத்தக்க அளவுக்கேனும் அதில் உண்மை இருக்கட்டும்.