பரங்கிமலையில் தொடங்கும் வானவழி

உத்திரமேரூரில் பேருந்து ஏறி, செங்கல்பட்டு வழியாகச் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வந்து சேர நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கே அரை நாள் போய்விட்டது. அங்கிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டருக்கு மேல். பதினொரு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்றபோது எனக்கு மலைப்பாக இருந்தது.

இருக்கைக்கு எதிரே இருந்த திரையில் வழியைப் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னையையும் லண்டனையும் அளவுகோல் வைத்து இணைத்தால், கோடு பாரசீக வளைகுடா, ஈராக், துருக்கி மேல் போகும். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். குஜராத்தைத் தாண்டி, ஈரானின் கிழக்கு ஓரமாக ஏறி, காஸ்பியன் கடலில் பாதி வழியைக் கடந்து, உக்ரைன், போலந்து என்று வளைந்து போகும். அந்த வளைவுதான் குறுக்குவழி!

கணக்கும் எளிது. இரண்டு ஊர்களிலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடு போட்டால் இடையே 74 பாகைக் கோணம் வரும். பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த 111-ஐக் கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடு பெரிது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அன்று பெருவின் பகுதியாக இருந்த இன்றைய எக்வடோருக்கும் லாப்லாந்துக்கும் போய்ப் பாகையை அளந்தார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே தொடங்கி, 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தார். கோடை வெயிலில் எஃகு நீளுமே என்று வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தார். ஏறக்குறைய இரண்டு மாத வேலை. அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போன அளவைதான், அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் இமயமலைவரை எட்டியது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்) உடையவரே ஊர் வாரியத்துக்குத் தகுதி என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூரில் பிறந்தவன் நான். நிலத்தைத் துல்லியமாக அளந்தவர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

பயண நேரத்தைச் சொல்ல தூரம் மட்டும் போதாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று போகும்போது எதிர்க்கிறது, திரும்பும்போது தள்ளிவிடுகிறது. அதனால் லண்டனிலிருந்து வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுக் கிடக்கிறது. நூல் காட்டும் வழியை விட்டுத் தெற்கே ஒதுங்கித்தான் பறக்க வேண்டும். பூமியின் வளைவைக் கணக்கிட்டுவிட்டோம். போரை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது?

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறப்போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, பக்கத்திலேயே இருக்கும் பரங்கிமலைக்கு ஏறிவிட்டுப் போங்கள். லாம்டனுக்கு அங்கே ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது.