வாசற்காவல் இல்லாத ராஜா

கத்தோலிக்கர்களுக்கு ஒரு தனி நாட்காட்டி உண்டு. அது ஜனவரியில் தொடங்காது. நவம்பர் பிற்பகுதியில் ஒரு ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா வரும். எங்கள் ஊர்ப் பக்கம் தேர், பவனி, வெடி எல்லாம் உண்டு. அந்த வாரத்தோடு ஆண்டு முடிந்தது. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி. அங்கிருந்து புது ஆண்டு. அதாவது ஒரு வாரம் வானத்துக்கும் பூமிக்கும் ராஜா என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவோம். அடுத்த வாரமே, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம். சின்ன வயசில் எனக்கு இது பெரிய குழப்பம். ராஜாவாகிவிட்டவரை மறுபடி எதுக்குத் தொட்டியில் கொண்டு போடணும்?

அந்த அரசர் விழா பழையதும் அல்ல. பதினொன்றாம் பயஸ் 1925இல் ஏற்படுத்தியது. முதல் உலகப்போரில் ஐரோப்பாவின் பெரிய முடிகள் உருண்டு, அந்த இடத்தில் முசோலினி மாதிரி ஆட்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். முதலில் அது அக்டோபர் கடைசி ஞாயிறுதான். 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது ஆண்டின் கடைசிக்கு நகர்த்தினார்கள். அப்படித்தான் ராஜாவும் தொட்டியும் அடுத்தடுத்த வாரங்களில் வந்து உட்கார்ந்தன. இப்போது யோசித்தால் அந்த நெருக்கம்தான் முழு விஷயமும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் குடில் கட்டுவது ஆச்சியின் மேற்பார்வையில். நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ நெல் விளையும். கும்பப்பூ வயலில் பச்சையாக நிற்கும்போது கிறிஸ்மஸ் வரும். ஆகவே குடிலுக்கு வேயும் வைக்கோல் கன்னிப்பூ அறுப்பின் வைக்கோல். படப்பின் உள்பக்கத்திலிருந்து, மழையில் நனையாததாக உருவி எடுக்க வேண்டும். கடுகை முளைக்கவிட்டு வயல் செய்வோம். ஒருவருஷம் நானும் சித்தி மகனும் தெர்மோகோலில் ஒரு அரண்மனை வெட்டி, குடிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். ராஜா இல்லையா, பின்னே. வாசலில் ஈட்டியோடு இரண்டு பொம்மைக் காவலர்கள். ஆச்சி காவலர் இரண்டு பேரையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

“லேய் மக்ளே, ராசா மாட்டுத் தொட்டியில கெடந்தா, அவரப் பாக்க காவக்காரன்ட்ட கேக்காண்டாம் கேட்டியா.”

ஆச்சி வயல்வேலை செய்தவள். எந்த இறையியல் வகுப்புக்கும் போனதில்லை. ஆனால் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல உரையை நான் பிற்பாடு எங்கும் வாசிக்கவில்லை.

அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ரோமைப் பேரரசன் அகுஸ்து குடிமதிப்பு எடுக்கச் சொல்கிறான். தலையை எண்ணுவது வரிக்காக. அந்த அகுஸ்துவையும் அவன் காலத்து மக்கள் தேவனின் மகன் என்றும் மீட்பர் என்றும் அழைத்தார்கள். ஆசியா மைனரில் கிடைத்த பிரியேனே கல்வெட்டு, கி.மு. 9இல் வெட்டப்பட்டது, அவன் பிறந்தநாளை உலகத்துக்கு வந்த நற்செய்தியின் தொடக்கம் என்கிறது. லூக்கா அதே சொற்களை, மீட்பர், நற்செய்தி, ஆண்டவர் எல்லாவற்றையும், எடுத்து ஒரு தீவனத் தொட்டியில் வைக்கிறார். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அது இனிமையான தாலாட்டாக இருந்திருக்காது. ராஜத்துரோகம் போலக் கேட்டிருக்கும்.

சிம்மாசனம், மாளிகை என்று மறைக்கல்வியில் சொல்லும்போதெல்லாம் என் மனசில் வருவது பத்மநாபபுரம் அரண்மனைதான். தக்கலை வழியாகப் போகும் எல்லாப் பள்ளிச் சுற்றுலாவும் அங்கே நிற்கும். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் கட்டில் இருக்கிறது. 64 மூலிகை மரங்களால் செய்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வைக்கோலில் படுத்த ராஜாவைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கட்டிலை வாய்பிளந்து பார்ப்போம்.

அந்த அரண்மனையில் இருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார். முழுத் திருவிதாங்கூரையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, இனி நான் பத்மநாபதாசன் மட்டுமே என்றார். திருப்படிதானம். தெய்வமே ராஜா, ராஜா அவனுக்கு அடிமை. இதைக் கேலியாகப் பார்க்கத் தேவையில்லை. ஒரு மன்னன் வாளைத் தெய்வத்தின் படியில் வைப்பதில் உண்மையான பணிவு இருக்கலாம். ஆனால் அந்தப் பணிவு மேல்நோக்கியது. ராஜாவுக்குக் கீழே இருந்தவர்களின் படிகள் அப்படியே இருந்தன. எந்தச் சாதி எந்தச் சாதியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்ற கணக்கும் அப்படியே இருந்தது. பெத்லகேம் கதை எதிர்த்திசையில் போகிறது. அங்கே தெய்வம் கீழே இறங்குகிறது. கணக்கில் வராத தூரத்தில் நின்ற மேய்ப்பர்களுக்குத்தான் முதல் அழைப்பு.

கதையில் வரும் சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ஆட்களுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்றால் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஊட்டுப்புரைகளில் யாருக்கு இலை போடுவார்கள், யார் அந்தத் தெருவில்கூட நடக்கக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதுபோலத்தான் துணி. குழந்தையைத் துணியில் சுற்றினாள் தாய் என்று வேதத்தில் வாசித்த பெண்களுக்கே மாரை மூட உரிமை இல்லாத நாடு இது. அந்த உரிமைக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு சண்டை நடந்தது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் ஜெபக்கூடங்கள் எரிந்தன. 1859 ஜூலையில் வந்த அரச அறிவிப்புகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

இன்னொரு சொல், ஊழியம். இன்றைக்கு அண்ணன் என்ன பண்றான்னு கேட்டால், ‘முழுநேர ஊழியத்தில இருக்கான்’ என்பார்கள். அதில் ஒரு மரியாதை உண்டு. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் அரசுக்குச் செய்யும் கட்டாய வேலை. கீழே இருந்த சாதிகள் சுமக்க வேண்டியது. கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில்தான் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. முதுகில் ஏற்றப்பட்ட அதே சொல், விரும்பி ஏற்கும் பணியின் பெயராகப் பக்கத்திலேயே புழங்கியது. ராஜாவே ஊழியம் செய்ய வந்தார் என்று பிரசங்கத்தில் சொன்னபோது, எங்கள் முன்னோர்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

அந்தப் பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்தவர்தான் நட்டாலத்து நீலகண்டன். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிற்பாடு திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கிய டச்சுத் தளபதி டிலனாயிடம் இந்தத் தொட்டி ராஜாவைப் பற்றிக் கேட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். பிறகு கைது. எருமையின்மேல் பின்பக்கமாகப் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது சபை மரபு. அரசாங்கத்தில் இருந்தவருக்கு இதைவிடப் பெரிய கேவலம் உண்டா? ஆனால் கழுதையின்மேல் எருசலேமுக்குள் நுழைந்த ராஜாவைத் தெரிந்தவருக்கு அது வேறு ஒரு பவனியாகத் தோன்றியிருக்கலாம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் இல்லை.

அதே வடக்கன்குளத்துக் கோயிலுக்கு வேறொரு கதையும் உண்டு. வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டிய கோயில். நடுவில் சுவர். பீடம் மட்டும் பொது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். ஆச்சி மடியில் கட்டிய அந்தப் பொம்மைக் காவலர்கள் ஞாபகம் வருகிறார்கள். காவல் இல்லாமல் பிறந்தவருக்குக் காவல் போடுவதில் எல்லாக் காலத்திலும் பக்தர்களே முன்னால் நின்றிருக்கிறார்கள்.

நம்முடைய கதைகளில் ராஜா மாறுவேடத்தில் வருவது சகஜம். ராத்திரி நகர்வலம் போவான், குடிசையில் கஞ்சி குடிப்பான், விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு அரண்மனைக்குத் திரும்பி நீதி சொல்வான். நிறையப் பிரசங்கங்கள் பெத்லகேமை இப்படித்தான் சொல்கின்றன. தொட்டி ஒரு வேடம், உண்மையான மகிமை பிறகு வரும், நமக்கும் மாடி வீடு கிடைக்கும் என்று. நற்செய்தி அப்படிப் போகவில்லை. மத்தேயுவில் கீழ்த்திசை ஞானிகள் யூதரின் அரசரைத் தேடி முதலில் எருசலேமுக்குத்தான் போகிறார்கள். அது தவறான விலாசம். அங்கே இருப்பவன் ஏரோது. அந்தப் பட்டம் அதற்குப்பிறகு இயேசுவைக் குறித்து வருவது அவருடைய விசாரணையில், முள்முடியின்போது, கடைசியில் சிலுவையின் உச்சியில் அடித்த பலகையில். இடையில் ஜனங்கள் பிடித்து ராஜாவாக்க வந்தபோது அவர் மலைக்கு விலகிப்போனார் என்கிறார் யோவான். வேடம் கலையவே இல்லை, ஏனென்றால் அது வேடம் இல்லை. அவருடைய ராஜரீகமே அதுதான்.

இதை எழுதுவது எளிது. 2017இல் அது எளிதாக இல்லை. அந்த வருஷம் கிறிஸ்து அரசர் பெருவிழா நவம்பர் 26. நான்காம் நாள், 30ஆம் தேதி, ஒக்கி வந்தது. எங்கள் பக்கம் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடற்கரை ஊர்களில் ஆட்கள் திரும்பவில்லை. டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, காத்திருப்பின் தொடக்கம். அந்த வருஷம் அந்தச் சொல்லுக்குக் கடற்கரையில் வேறு அர்த்தம். 7ஆம் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, கடலில் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள்.

என் கல்லூரி நண்பனின் சித்தப்பாவும் போனவர்களில் ஒருவர். நான் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். “ராசான்னு போன ஞாயித்துக்கெழமதானே தூக்கிட்டுப் போனோம். அவருக்குக் கடல அடக்கத் தெரியுமில்லா? வேதத்தில உண்டில்லா?”

உண்டு. படகில் தலையணையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து காற்றை அதட்டிய கதை. அவர் அதே படகில்தான் இருந்தார் என்ற பதில் என் நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. கணவனின் தம்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒருவரிடம் அது போதாது. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு முழுப்பதில் என்னிடம் இல்லை. தொட்டியில் பிறந்த ராஜா வேண்டும் என்று கேட்டால், உத்தரவு போட்டுப் புயலை நிறுத்தாத ராஜாவும் அதோடு சேர்ந்து வருவார் போலிருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்வதுதான் விசுவாசம் என்று நான் உபதேசிக்க மாட்டேன். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கரைக்குத் திரும்பியவர்கள் உடம்பு காயுமுன்னே தங்கள் படகுகளிலேயே மறுபடி தேடப் போனார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. ராஜ்ஜியம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே நேரடி உதாரணம் அதுதான்.

அந்த கிறிஸ்மஸுக்கு அவர்கள் தெருவில் நட்சத்திரம் இல்லை, வெடி இல்லை, கேக் இல்லை. சாமப்பூசை மட்டும் நடந்தது. கோயிலுக்குள் ஒரு சின்னக் குடில். வைக்கோல் இல்லை. பழைய வலை ஒன்றைச் சுருட்டி அதன்மேல் பாலனைக் கிடத்தியிருந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக முத்தி செய்தார்கள். நண்பனின் அம்மாவும் போனார்.

லூக்காவை மறுபடி வாசித்தபோது ஒரு சொல் என்னை நிறுத்தியது. தூதன் மேய்ப்பர்களுக்குக் கொடுப்பது ‘அடையாளம்’. ஒளிவட்டமோ கிரீடமோ இல்லை. சுற்றியிருக்கும் துணி, கிடக்கும் தொட்டி. அவ்வளவுதான் துப்பு. அந்த டிசம்பரில் நண்பனின் குடும்பத்திடமும் அடையாளம் கேட்டார்கள். கைலியின் நிறம், கழுத்தில் கிடந்த உத்தரியம், வலது தோளில் ஒரு தழும்பு. அவன் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் எழுதிக்கொடுத்தான்.